மாடியில் காத்திருப்பவரை யார் இறக்குவது?

பெரும்பாலான கட்டடங்களின் தீ விபத்துத் திட்டத்தில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: "மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியவர்களுக்கும் உதவவும்." யார் உதவ வேண்டும், எதை வைத்து, எந்தப் படிக்கட்டு வழியாக, எத்தனை பேர் சேர்ந்து, அந்த ஆள் அன்றைக்கு லீவில் இருந்தால் என்ன செய்வது என்று கேட்டால் அந்த வரியில் பதில் கிடையாது. இன்னும் துருவினால், "தீயணைப்புத் துறை வந்து இறக்கிவிடும்" என்பார்கள். அதை நம்பி ஒருவரை நான்காவது மாடியில் உட்கார வைப்பதைத் திட்டம் என்று சொல்ல முடியாது. வண்டி வந்து சேர வேண்டும், வந்தவர்கள் நிலைமையைப் புரிந்துகொள்ள வேண்டும், குழாய் இழுக்க வேண்டும், மேலே ஏற வேண்டும். கூடவே தீயை அடக்கும் வேலையும் அவர்கள் தலையில்தான். உள்ளே இருக்கும் ஒவ்வொருவரையும் தரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது கட்டடத்தை நடத்துபவரின் பொறுப்பு. தீயணைப்பு வீரர்கள் கைகொடுத்தால் அது கூடுதல் பலம், அவ்வளவுதான்.

1993-இல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் குண்டு வெடித்தபோது, 69-ஆம் மாடியில் வேலை பார்த்த, சக்கர நாற்காலி பயன்படுத்தும் ஒருவரைத் தூக்கி இறக்க சுமார் 6 மணி நேரம் பிடித்தது. அதற்குப் பிறகு அங்கே படிக்கட்டில் இறங்கும் வெளியேற்ற நாற்காலிகளை வாங்கி வைத்தார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று அதே மனிதரை, அதே மாடியிலிருந்து, சக ஊழியர்கள் 10 பேர் மாற்றி மாற்றிப் பிடித்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, பிடிக்க ஆட்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். மறுபக்கத்தில், 2017-இல் லண்டனில் கிரென்ஃபெல் டவர் எரிந்தபோது, அங்கே வசித்த மாற்றுத்திறனாளிகள் 37 பேரில் 15 பேர் இறந்துபோனார்கள். தானாக இறங்க முடியாத ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வெளியேற்றத் திட்டம் வேண்டும் என்று 2019-இல் விசாரணை அறிக்கை பரிந்துரைத்தது.

தனிநபர் வெளியேற்றத் திட்டம் என்பது ஒரு பக்கத் தாள், ஆளுக்கு ஒன்று. யாருக்குத் தேவை என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. சக்கர நாற்காலி எல்லார் கண்ணிலும் படும். முட்டி தேய்ந்தவர், ஆஸ்துமா உள்ளவர், இதய அறுவை சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பியவர், ஒரு காது மட்டும் கேட்பவர், அலாரம் சத்தத்தில் அப்படியே உறைந்து நின்றுவிடுகிறவர் ஆகியோர் கண்ணில் பட மாட்டார்கள். எனவே எல்லாரிடமும் ஒரே மாதிரிக் கேளுங்கள்: "லிஃப்ட் இல்லாமல், யார் துணையும் இல்லாமல், கீழே வரை இறங்கிவிட முடியுமா? கட்டடத்தில் எங்கே இருந்தாலும், கழிப்பறையில் இருந்தாலும், அலாரம் அடிப்பது உங்களுக்குத் தெரியுமா?" சேரும்போது கேட்க வேண்டும், இடம் மாறும்போது கேட்க வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை மறுபடியும் கேட்க வேண்டும். காலில் மாவுக்கட்டோடு வருபவருக்கும் கர்ப்பிணிக்கும் அந்தச் சில மாதங்களுக்கு மட்டும் தற்காலிகத் தாள் போதும்.

நோயின் பெயரைக் கேட்கத் தேவையில்லை. எத்தனை மாடி இறங்கினால் மூச்சு வாங்கும், எங்கே பிடித்துத் தூக்கலாம், எங்கே தொடவே கூடாது, தண்டுவடக் காயத்தால் கால் திடீரென்று துடிக்குமா, கழுத்து தானாக நிற்குமா, உடம்போடு எந்தக் குழாய் இணைந்திருக்கிறது என்பவைதான் திட்டத்துக்கு வேண்டும். சம்பந்தப்பட்டவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் இதை எழுத முடியும். தினமும் படுக்கையிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து காருக்கும் மாறிப் பழகியவர் அவர். தன் உடம்பை எப்படித் தூக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்த அளவு பாதுகாப்பு அதிகாரிக்குத் தெரியாது. "அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம், நாமே எழுதிவிடுவோம்" என்று நல்ல மனதோடு எழுதப்படும் தாள்கள், முதல் ஒத்திகையிலேயே உபயோகப்படாமல் போகின்றன.

அடுத்தது ஆள் பலம். இங்கேதான் திட்டங்கள் அதிகம் உடைகின்றன. வெளியேற்ற நாற்காலியை ஒருவரே படியில் இறக்கலாம் என்று தயாரிப்பாளர்கள் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் உட்கார வைக்க ஒருவர், பெல்ட் மாட்ட, கதவு திறக்க, முன்னால் வழி சொல்ல இன்னொருவர் என்று குறைந்தது இரண்டு பேர் வேண்டும். இரண்டு பேர் தேவை என்றால் தாளில் இரண்டு பெயர் போதாது. ஒருவர் லீவு, ஒருவர் வேறு மாடியில் மீட்டிங், ஒருவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றாலும் மீதி இரண்டு பேர் நிற்க வேண்டும். எனவே ஐந்து பெயர்களாவது பயிற்சியோடு இருக்க வேண்டும். எல்லாரும் ஒரே டீமாக இருந்தால் ஒரே நேரத்தில் வெளியே போய்விடுவார்கள். பக்கத்து டீமிலிருந்தும் எடுங்கள். முதுகு வலி உள்ளவரையோ, படியைக் கண்டால் தலை சுற்றுகிறவரையோ, மேலாளர் என்பதற்காகப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் இந்தக் கணக்கை இரவு ஷிஃப்டை வைத்துப் போட வேண்டும். பகலில் பத்துப் பேர் இருக்கும் வார்டில் இரவு இரண்டே செவிலியர் என்றால், திட்டம் அந்த இரண்டு பேரால் முடிகிற திட்டமாக இருக்க வேண்டும். அங்கே முதல் நகர்வு கீழ்நோக்கி இல்லாமல் பக்கவாட்டில் இருக்கும். அதே மாடியில், தீத்தடுப்புச் சுவரையும் கதவையும் தாண்டி அடுத்த பகுதிக்குக் கட்டிலோடு தள்ளிவிட வேண்டும். அப்படித் தாண்டிவிட்டால் கதவின் தாங்கும் நேரம், சாதாரணமாக 30 அல்லது 60 நிமிடம், கையில் கிடைக்கிறது. அந்த நேரத்துக்குள் படிக்கட்டு வழியை யோசிக்கலாம். ஆனால் காற்றுக்காக அந்தக் கதவுக்கு ஆப்பு வைத்து எந்நேரமும் திறந்து வைத்திருந்தால், அது தடுக்க வேண்டிய புகை மனிதருக்கு முன்னால் போய்ச் சேரும். கதவு திறந்தே இருக்க வேண்டிய இடம் என்றால், அலாரம் அடித்ததும் தானாக விடுவிக்கும் காந்தப் பிடி பொருத்த வேண்டும். கட்டில் அந்தக் கதவில் நுழையுமா, ஆக்சிஜன் சிலிண்டரும் டிரிப் ஸ்டாண்டும் சேர்த்து நுழையுமா என்று ஒருமுறை தள்ளிப் பாருங்கள்.

மற்றக் கட்டடங்களில் படிக்கட்டை ஒட்டிய பாதுகாப்பான காத்திருப்பு இடம் இருக்கும். சுவரும் கதவும் தீயைத் தாங்கக்கூடிய, படியிறங்குவோர் கூட்டத்துக்கு வழியை மறிக்காத இடம். சக்கர நாற்காலி நிற்க பிரிட்டிஷ் வழிகாட்டி 900 × 1400 மில்லிமீட்டர் கேட்கிறது, அமெரிக்க விதி ஏறத்தாழ 760 × 1220. எந்த அளவை எடுத்தாலும், அந்தக் கட்டத்தில் பழைய நாற்காலி, தண்ணீர்க் கேன், சுருட்டி வைத்த விளம்பரப் பலகை என்று ஏதாவது வந்து உட்கார்ந்துகொள்ளும். தரையில் பெயிண்டால் கட்டம் போட்டு, வாரந்தோறும் ஒருவர் பார்க்க வேண்டும். அங்கிருந்து பேச இருவழித் தொடர்பு கட்டாயம்: ஒரு பொத்தானை அழுத்தினால் கீழே பொறுப்பில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். செல்போனை மட்டும் நம்பக் கூடாது. படிக்கட்டுக் கூண்டில் பல இடங்களில் சிக்னலே வராது. முக்கியமான விஷயம், அது காத்திருக்கும் இடம் மட்டுமே. அங்கே வந்து சேர்ந்தவரை யார், எப்போது, எதில் இறக்குவார்கள் என்பது எழுதப்படவில்லை என்றால் திட்டம் பாதியில் நிற்கிறது என்று அர்த்தம். உதவியாளர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். புகை கிளம்பிய கட்டடத்தில் ஒருவரைத் தனியே விட்டுவிட்டு மற்றவர்கள் இறங்குவது அவருக்கு எப்படி இருக்கும் என்று திட்டம் எழுதுகிறவர் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

எப்போது படியில் இறங்குவது? தீ அதே மாடியில் என்றால் உடனே படிக்கட்டுக் கூண்டுக்குள் போய்விட வேண்டும். வேறு மாடியில் என்றால், கூட்டத்தின் முதல் அலை இறங்கட்டும், பிறகு நாற்காலி இறங்கட்டும். பின்னால் கூட்டம் நெருக்கித் தள்ளாத நிலையில் இறக்குவது இரு தரப்புக்கும் நல்லது. மெதுவாக நடந்தே இறங்குகிறவருக்கும் இதே முறைதான்: கைப்பிடி ஓரமாக, துணைக்கு ஒருவர், ஒவ்வொரு திருப்பத்திலும் நிற்க அனுமதி. முட்டி தேய்ந்தவருக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வலி என்பதை மறந்துவிடாதீர்கள். சிலர் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவதையே விரும்புவார்கள். அவர்கள் தாளில் அதையே எழுதுங்கள், ஒரு ஜோடிக் கையுறையும் கொடுங்கள்.

வெளியேற்ற நாற்காலியைப் பார்ப்போம். சுவரில் மாட்டியிருக்கும், மேலே தூசி உறை. உறையைக் கழற்றி, கொக்கியிலிருந்து எடுத்து, மடிப்பை விரித்து, இருக்கை 'க்ளிக்' என்று பூட்டுகிற வரை அழுத்த வேண்டும். அந்தச் சத்தம் கேட்காமல் யாரையும் உட்கார வைக்கக் கூடாது. சக்கர நாற்காலியைப் பக்கத்தில் சற்றே சாய்வாக நிறுத்தி, பிரேக் போட்டு, கால்மிதியை மடக்கி, பிறகு ஆளை மாற்றுவது. முழு வேலையிலும் கடினமான இடம் இதுதான், படிக்கட்டு அல்ல. வெளியேற்ற நாற்காலியின் இருக்கை தாழ்வானது, மெத்தை மெல்லியது, பக்கவாட்டுப் பிடிமானம் குறைவு. முதலில் மார்புப் பெல்ட், பிறகு கால் பெல்ட், தேவைப்பட்டால் தலைப் பட்டை. கைகள் இரண்டும் மார்பின் மேல் குறுக்காக. கை வெளியே இருந்தால் பயத்தில் படிக்கட்டுக் கைப்பிடியை எட்டிப் பிடிப்பார், நாற்காலி பக்கவாட்டில் திரும்பிவிடும்.

சமதரையில் சக்கரத்தில் உருளும். படி விளிம்புக்கு வந்ததும் பின்னால் சாய்த்து, முதுகுப் பக்கம் இருக்கும் ரப்பர்ப் பட்டை படி விளிம்பில் பதியும்படி மெதுவாக முன்னே விட வேண்டும். பட்டை ஒரே சமயத்தில் குறைந்தது இரண்டு படி விளிம்புகளில் பதிந்திருக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவரின் எடை பட்டையை அழுத்துவதால்தான் உராய்வு கிடைக்கிறது, அதனால்தான் நாற்காலி தலைதெறிக்க ஓடாமல் நிதானமாக இறங்குகிறது. புதிதாகப் பிடிப்பவர் பயத்தில் கைப்பிடியோடு நாற்காலியைத் தூக்கிப் பிடிக்கப் பார்ப்பார். பட்டை எழும்பிவிடும், உராய்வு போய்விடும், முழு எடையும் அவர் கையில் வந்து விழும். தூக்காதீர்கள், அதன் போக்கில் இறங்க விடுங்கள் என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டாவது ஆள் நேர் கீழே நின்று பின்னோக்கி நடக்கக் கூடாது. பக்கவாட்டில், ஒரு படி முன்னால், முகத்தை இறங்கும் திசையில் வைத்து வர வேண்டும்.

வாங்கும் முன் உங்கள் படிக்கட்டை அளந்து பாருங்கள். எடை வரம்பு பல மாடல்களில் 150 முதல் 180 கிலோ. அதற்கு மேல் தேவை என்றால் தனி மாடல் வேண்டும். ஏற்கத்தக்க சாய்வுக் கோணம், திருப்பத்தில் தேவைப்படும் அகலம் இரண்டையும் தயாரிப்பாளர் குறித்திருப்பார். விசிறி போல் விரியும் வளைவுப் படிகளில் பட்டை சரியாகப் பதியாது. தேய்ந்து வழுவழுப்பான விளிம்பும், ஈரமும், கழன்று தொங்கும் உலோகப் பட்டியும் ஆபத்து. இன்னொன்று, சாதாரண மாடல்கள் இறங்க மட்டுமே உதவும். அடித்தளத்தில் வேலை செய்பவரை மேலே ஏற்ற வேண்டும். அதற்கு மின்மோட்டார் கொண்ட மாடலோ, நான்கு பக்கமும் கைப்பிடி உள்ள தூக்கு நாற்காலியோ தேவை. அடித்தளத்துக்கும் சேர்த்து அதே சாதாரண மாடலையே மொத்தமாக வாங்கி வைத்திருக்கும் கட்டடங்கள் உண்டு. எங்கே மாட்டுவது என்பதும் முக்கியம். அது அந்த ஆள் இருக்கும் மாடியில், அவர் பயன்படுத்தும் படிக்கட்டின் வாசலில் இருக்க வேண்டும். தரைத்தள ஸ்டோர் ரூமில் பூட்டி வைத்த நாற்காலியை எடுக்க, இறங்கும் கூட்டத்தை எதிர்த்து ஒருவர் ஏற வேண்டியிருக்கும்.

வெளியேற்ற நாற்காலி இல்லாத நிலையில், கையால் தள்ளும் சாதாரண சக்கர நாற்காலியை ஆளோடு இறக்கலாம். பின் கைப்பிடியைப் பிடிப்பவர்தான் தலைவர், எண்ணிக்கை சொல்பவரும் அவரே. முன்னால் பிடிப்பவர்கள் அடிச்சட்டத்தைப் பிடிக்க வேண்டும். கழன்று வரும் கைத்தாங்கியையோ கால்மிதியையோ பிடித்தால் பாதிப் படியில் அது கையோடு வந்துவிடும். மோட்டார் நாற்காலியை இப்படித் தூக்கவே கூடாது. பேட்டரியோடு சேர்ந்து பல மாடல்கள் நூறு கிலோவைத் தாண்டும். அதை மேலேயே விட்டுவர வேண்டியதுதான்.

லிஃப்ட் பற்றி எல்லாருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்லலாம். அது ஓடும் செங்குத்துக் கூண்டு புகைபோக்கியாக மாறும், மின்சாரம் போகும், எரிகிற மாடியிலேயே கதவு திறந்துவிடவும் கூடும். தனி மின்வழியும், புகை புகாத முன்னறையும், பேசும் வசதியும், பயிற்சி பெற்ற ஓட்டுநரும் உள்ள வெளியேற்ற லிஃப்ட் வேறு வகை. தீயணைப்பு வீரருக்கான சாவித் துளை இருப்பதாலேயே உங்கள் லிஃப்ட் அந்த வகையாகிவிடாது. நிறுவியவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

காது கேட்காதவர்களுக்கான ஏற்பாடு பெரும்பாலும் ஹாலில் ஒரு மின்னும் விளக்கோடு முடிந்துவிடுகிறது. அவர் தனியாக இருக்கும் இடங்கள்தான் ஆபத்து: கழிப்பறை, ஸ்டோர், சிறிய மீட்டிங் அறை. அங்கேயும் விளக்கு வேண்டும், அல்லது இடுப்பில் அதிரும் பேஜர் வேண்டும். ஒரே பார்வைக்குள் பல விளக்குகள் இருந்தால் எல்லாம் ஒன்றாகவே மின்ன வேண்டும். தனித்தனியே மின்னினால் மொத்த வேகம் கூடி வலிப்பைத் தூண்டக்கூடும். தூங்குபவரை விளக்கு மட்டும் எழுப்பும் என்று நம்ப வேண்டாம். தலையணைக்குக் கீழே அதிரும் கருவி வையுங்கள். ஓரளவு கேட்பவர்களுக்கு, வழக்கமான கீச்சுச் சத்தத்தைவிட 520 ஹெர்ட்ஸ் தாழ்ந்த ஒலி நன்றாக எழுப்பும்.

பார்வையற்றவரைக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையைக் கொடுங்கள், அவர் பிடித்துக்கொண்டு அரையடி பின்னால் வருவார். "படி ஆரம்பிக்குது, கைப்பிடி வலப்பக்கம், பன்னிரண்டு படி, பிறகு திருப்பம்" என்று சொல்லிக்கொண்டே போங்கள். வழக்கமாக வரும் வழியைத் தவிர இரண்டாவது வழியையும் அவர் நடந்து பழகியிருக்க வேண்டும். தீ எந்தப் பக்கம் வரும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அலாரம் சத்தமே பெரிய தாக்குதல். சிலர் ஓடுவார்கள், சிலர் மேசைக்கடியில் ஒளிவார்கள். காதடைப்பான் கைக்கெட்டும் இடத்தில், பழகிய ஒருவர், குட்டி வாக்கியங்கள், வழியின் படங்கள் என இவ்வளவும் முன்பே தயாராக இருந்தால் நிலைமை வேறு.

ஒத்திகையின்போது, "நீங்கள் வர வேண்டாம், சும்மா டிரில்தான்" என்று சக்கர நாற்காலிக்காரரைச் சீட்டிலேயே விட்டுப் போகும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இது அக்கறை போலத் தெரியும். ஆனால் அவருக்கும் வழி பழகாது, உதவியாளருக்கும் கை பழகாது. அவர் காத்திருப்பு இடம் வரை வரட்டும், பொத்தானை அழுத்திப் பேசட்டும். படியில் இறக்குவதை அவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டு, இறக்கும் பயிற்சிக்கு வேறு தொண்டரை உட்கார வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கெடுத்துப் பாருங்கள்: ஒரு படிக்கட்டை மூடுங்கள், முதல் இரண்டு உதவியாளர்களை 'லீவு' என்று அறிவியுங்கள். வாசல் செக்யூரிட்டியிடம், மேலே யார் எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். தீயணைப்பு அதிகாரி வண்டியிலிருந்து இறங்கியதும் அவருக்குக் கிடைக்க வேண்டிய செய்தி இப்படி இருக்க வேண்டும்: "நான்காவது மாடி, வடக்குப் படிக்கட்டு, ஒருவர், நடக்க முடியாது, கூட ஒரு உதவியாளர், கடைசியாகப் பேசியது இரண்டு நிமிடம் முன்பு." "மேலே சிலர் இருக்கலாம் சார்" என்ற பதிலை வைத்து அவரால் எதுவும் செய்ய முடியாது. பார்வையாளர்களையும் வாசலிலேயே கேட்டுப் பதிய வேண்டும். அவர்களுக்குத் தனித் தாள் இருக்காது, யாரைப் பார்க்க வந்தாரோ அவரே பொறுப்பு.

தரைக்கு வந்த பிறகும் வேலை மிச்சம் இருக்கிறது. கடைசி வாசலில் ஒரு படி இருக்கலாம், கூடுமிடம் ஜல்லி போட்ட மைதானமாக இருக்கலாம். சிறிய சக்கரம் அதில் புதைந்து நிற்கும். வெளியேற்ற நாற்காலியில் நீண்ட நேரம் உட்கார வைக்கக் கூடாது; உணர்ச்சியற்ற உடம்பில் மெல்லிய இருக்கை விரைவில் புண் உண்டாக்கும். வாசலருகே ஒரு சாதாரண சக்கர நாற்காலி எப்போதும் நிற்கட்டும், அவருடைய மெத்தையையும் மருந்துப் பையையும் இரண்டாவது உதவியாளர் கையோடு எடுத்து வரட்டும். ஆபத்து இல்லை என்று அறிவித்து எல்லாரும் படியேறிப் போன பிறகும், லிஃப்ட் சோதனை முடியும் வரை அவர் கீழேதான் இருப்பார். அந்த நேரத்துக்கு நிழலும் கழிப்பறையும் துணையும் வேண்டும். கட்டடம் சில நாள் மூடப்பட்டால் மேலே விட்டுவந்த மோட்டார் நாற்காலியும் உள்ளேயே கிடக்கும். அதன் மாடல், இருக்கை அகலம், எந்தக் கையால் ஓட்டுகிறார் என்பதை அவருடைய தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தால், அன்று மாலைக்குள் மாற்று நாற்காலி தேடுகிறவருக்கு வேலை பாதியாகும்.